புறநகரில் அமைதியான குடியிருப்பு: இடம் தேடுவதிலிருந்து நிலைகொள்வது வரை

புறநகரில் வீடு தேடுகிறவர்கள் பெரும்பாலும் விடுமுறை நாள் காலையில்தான் இடம் பார்க்கப் போகிறார்கள். அந்த நேரத்தில் எந்தத் தெருவும் அமைதியாகத்தான் இருக்கும். தரகர் வண்டியை நிறுத்துவார், எங்கோ ஒரு பறவை கத்தும், "பார்த்தீர்களா, எவ்வளவு அமைதி!" என்பார். முன்பணம் கைமாறிவிடும். பின்பக்கத்துக் கிடங்குக்குச் சரக்கு லாரிகள் நள்ளிரவுக்குப் பிறகுதான் வரும் என்பது குடிபோன பிறகே தெரியவரும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நகரத்தின் நடுவில் குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு, குப்பை என்று பல வேலைகள் நம் கண்ணில் படாமலேயே நடந்துவிடுகின்றன. விளிம்புக்கு வந்ததும் அவற்றில் பாதி வீட்டுக்காரர் தலையில் விழும். புறநகர் அமைதிக்கு நாம் கொடுக்கும் உண்மையான விலை அதுதான். வாடகையிலோ மாதத் தவணையிலோ அது தெரியாது. தெரிந்து போகிறவர்களுக்கு அது பெரிய சுமையும் இல்லை.

படி 1: பகலில் வீட்டில் இருக்கப்போகிறவரைக் கேளுங்கள்

அமைதி வேண்டும் என்று முடிவெடுப்பவர் பெரும்பாலும் காலையில் வேலைக்குக் கிளம்பி இருட்டிய பிறகு திரும்புகிறவர். அவருக்கு அந்த இடம் ஓர் இரவுத் தங்கல். அங்கே முழு நாளையும் கழிக்கப்போகிறவர்கள் வேறு: வயதான பெற்றோர், கைக்குழந்தையோடு இருப்பவர், வீட்டிலிருந்தே வேலை செய்பவர், இன்னும் வண்டி ஓட்டும் வயது வராத பிள்ளை. பிற்பகல் இரண்டு மணிக்குத் தெருவில் ஓர் ஆள் நடமாட்டம் இல்லை என்பது ஒருவருக்கு வரமாக இருக்கும், இன்னொருவருக்கு மூச்சு முட்டும்.

ஆகவே அவரை ஒரு வேலைநாளின் பகலில் அழைத்துப் போய் இரண்டு மணி நேரமாவது அங்கே இருக்கச் சொல்லுங்கள். வண்டி இல்லாமல், யாரையும் உதவிக்கு அழைக்காமல், மருந்துக்கடைக்கோ பஸ் நிறுத்தத்துக்கோ அவரால் நடந்து போய்வர முடிகிறதா என்று பாருங்கள். நகரத் திட்டமிடுபவர்கள் 400 மீட்டரை ஐந்து நிமிட நடை என்று கணக்கிடுவார்கள். நிழலும் நடைபாதையும் இல்லாத சாலையில் மூட்டுவலிக்காரருக்கு அது ஐந்து நிமிடம் அல்ல. இந்தக் கேள்விக்கு அவர் தயங்கினால், மற்ற படிகளுக்குப் போகவே வேண்டாம்.

படி 2: காதைக் கொண்டு இடம் பாருங்கள்

ஒரே இடத்துக்குப் பல நேரங்களில் போங்கள். வேலைநாள் காலை நெரிசல் நேரம், வார இறுதி மாலை, இரவு பதினொரு மணிக்கு மேல், விடியலுக்குச் சற்று முன். ஒவ்வொரு முறையும் வண்டியின் இயந்திரத்தை அணைத்துவிட்டு, பேசாமல், பத்து நிமிடம் நில்லுங்கள். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் கேட்காது. பிறகு ஒவ்வொன்றாக வரும்: தொலைவில் ஓர் ஏற்றத்தில் லாரி கியர் மாற்றும் உறுமல், யார் வீட்டு மாடியிலோ ஏசி இயந்திரம், கட்டி வைத்த நாய், பக்கத்து மனையில் தண்ணீர் மோட்டார்.

இரவில் போகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மேகமில்லாத இரவில் தரை சீக்கிரம் குளிர்கிறது; தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலுள்ள காற்று சற்று வெப்பமாகவும் இருக்கும். அப்போது மேலே போகும் ஒலி வளைந்து மறுபடி தரைக்கே இறங்கும். பகலில் காதுக்கே எட்டாத நெடுஞ்சாலை இரவில் வாசல்வரை வருவது இதனால்தான். காற்றின் திசையும் விளையாடும். சாலையிலிருந்து உங்கள் பக்கம் காற்று வீசும் நாளில் ஒரு முறை கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். விமானப் பாதையும் அப்படித்தான். விமானங்கள் காற்றை எதிர்த்து இறங்குவதால், காற்று திரும்பும் பருவத்தில் அவை வரும் வழியும் திரும்பிவிடும்.

தூரத்தை நம்பி ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். ஒரே இடத்தில் நிற்கும் இயந்திரத்தின் சத்தம் தூரம் இரு மடங்கானால் சுமார் 6 டெசிபல் குறையும். ஓயாமல் வண்டி ஓடும் சாலையோ நீளமான ஒலி மூலம். அதன் சத்தம் இரு மடங்கு தூரத்துக்குச் சுமார் 3 டெசிபல்தான் குறையும். நம் காதுக்குச் சத்தம் பாதியானதாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் குறைய வேண்டும். அதாவது நெடுஞ்சாலையிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மனையை விட்டு ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மனையை வாங்குவதால் மட்டும் பெரிய லாபம் இல்லை. இடையில் ஒரு மேடோ வரிசையான கட்டடங்களோ இருக்கிறதா என்பதே முக்கியம். மரம் வைத்துச் சத்தத்தை அடக்கிவிடலாம் என்பது ஆசைதான். பல மீட்டர் அகலத்துக்கு அடர்ந்த தோப்பாக இருந்தால்தான் சில டெசிபல் குறையும். சாலையைக் கண்ணிலிருந்து முழுதாக மறைக்கும் இடைவெளியில்லாத சுவர் அதைவிட நன்றாக வேலை செய்யும்.

ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டுமென்றால், படுக்கையறைக்குள் தொடர் சத்தம் 30 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. இரவில் வீட்டுக்கு வெளியே 40 டெசிபல் என்பது 2009-இல் ஐரோப்பாவுக்காக அது வகுத்த இலக்கு. கைப்பேசிச் செயலி காட்டும் எண்ணைச் சத்தியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஒரே கைப்பேசியால் இரண்டு இடங்களை ஒப்பிட அது போதும்.

படி 3: இந்த அமைதிக்கு ஆயுள் எவ்வளவு?

புறநகர் என்பது ஓர் இடத்தின் பெயரல்ல, அந்த இடம் கடந்துபோகும் ஒரு வயது. இன்றைக்கு மாடு மேயும் காலிமனை உங்களுடைய அமைதி அல்ல, யாரோ ஒருவருடைய கட்டுமானத் திட்டம். சுற்றிலும் காலிமனை அதிகம் என்றால் வரும் வருடங்களில் கல் அறுக்கும் சத்தமும் சிமென்ட் கலவை இயந்திரமும் உங்களோடு குடியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் வீடுகள் எழுந்து, மரங்கள் மாடியைத் தொட்டுவிட்ட தெருவே என் தேர்வு. புத்தம்புது மனைப்பிரிவைவிட அங்கே விலை கூடுதலாக இருக்கும், தகும்.

உள்ளாட்சி அலுவலகத்திலோ திட்டக் குழுமத்திலோ நிலப் பயன்பாட்டு வரைபடத்தைக் கேட்டுப் பாருங்கள். மூன்றைத் தேடுங்கள்: உங்கள் மனைக்கு அருகில் வணிகம் அல்லது தொழில் என்று வண்ணம் தீட்டப்பட்ட பகுதி, கோடாக வரையப்பட்டு இன்னும் போடப்படாத சாலை, உங்கள் தெருவையே அகலப்படுத்தும் திட்டம். முட்டுச்சந்தாக இருப்பதாலேயே அமைதியாக இருக்கும் தெரு, அடுத்த முனை திறக்கப்பட்ட அன்றே குறுக்கு வழியாக மாறிவிடும். ஏரி, பாதுகாக்கப்பட்ட காடு, செங்குத்தான சரிவு போன்றவை ஒரு பக்கமாவது இருந்தால் அந்தப் பக்கம் கட்டடம் வராது. பதிலுக்கு வெள்ளம், கொசு, பாம்பு என்று வேறு கேள்விகள் வரும்.

படி 4: பயணத்தை நாளாக மாற்றிப் பாருங்கள்

மனிதர்கள் ஒரு நாளில் பயணத்துக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் அளவுக்கே ஒதுக்குகிறார்கள் என்று இத்தாலிய இயற்பியலாளர் சீசரே மார்கெட்டி 1994-இல் எழுதினார். வண்டி வேகமானால் வீடு தூரப் போகிறது, நேரம் குறைவதில்லை. நீங்கள் அந்த அளவைத் தாண்டப்போகிறீர்களா என்பதை வரைபடச் செயலியில் பார்க்காதீர்கள். வேலைநாளில், முடிந்தால் மழை நாளில், உங்கள் அலுவலக நேரத்துக்கே ஒரு முறை போய்வந்து பாருங்கள். போக அரை மணி, வர அரை மணி கூடுதல் என்றால், வருடத்துக்கு 250 வேலைநாளில் அது 250 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாகக் கணக்கிட்டால் 31 நாள். அந்த முப்பத்தொரு நாளைத் தந்து இந்த அமைதியை வாங்குவேனா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்குத் தயங்காமல் ஆம் என்றே பதில் வரும்.

கடைசி பஸ் அல்லது ரயில் எத்தனை மணிக்கு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் பிள்ளைகளின் மாலை வகுப்பையும் உங்கள் நண்பர்களின் வருகையையும் தீர்மானிக்கும்.

படி 5: தண்ணீரைப் பற்றி நேராகக் கேட்காதீர்கள்

"இங்கே தண்ணீர்ப் பிரச்சினை உண்டா?" என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்ற பதில் வரும். தங்கள் தெருவை யாரும் குறைசொல்ல விரும்புவதில்லை. கேள்வியை மாற்றுங்கள்.

"கடைசியாக எப்போது தண்ணீர் லாரி வரவழைத்தீர்கள்?"

"போன கோடையில்தான். வாரம் இரண்டு முறை வரும்."

"கிணறு எவ்வளவு ஆழம்?"

"முதலில் போட்டது வற்றிவிட்டது. இப்போது இருப்பது இரண்டாவது."

ஒரே நிமிடத்தில் நிலத்தடி நீரின் கதை முழுவதும் வெளியே வந்துவிடும். இதே பாணியில் மின்சாரம், குப்பை, திருட்டு எல்லாவற்றையும் கேட்கலாம்: உண்டா இல்லையா என்று கேட்காமல், கடைசியாக எப்போது என்று கேளுங்கள்.

நிலத்தடி நீரை ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிக்காமல் குடிக்க வேண்டாம். கரைந்த உப்புகளின் மொத்த அளவு லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்குள் இருந்தால் சுவை நன்றாக இருக்கும், 1,000-ஐத் தாண்டினால் குடிக்கவே பிடிக்காது. ஆனால் சுவையில் தெரியாதவைதான் ஆபத்து. நைட்ரேட் லிட்டருக்கு 50 மில்லிகிராம், ஃபுளூரைடு 1.5 மில்லிகிராம் என்பவை உலக சுகாதார நிறுவனத்தின் வரம்புகள். 100 மில்லி நீரில் ஈ.கோலி பாக்டீரியா ஒன்றுகூட இருக்கக்கூடாது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும். நைட்ரேட்டும் ஃபுளூரைடும் போகாது, நீர் ஆவியாவதால் அவற்றின் செறிவு கூடவே செய்யும். புட்டிப்பால் குடிக்கும் குழந்தை இருக்கும் வீட்டில் நைட்ரேட் சோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.

சேமிப்புக்கு எளிய கணக்கு: ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் என்றால் நான்கு பேருக்கு 400 லிட்டர், மூன்று நாள் தாங்க 1,200 லிட்டர். ஆயிரம் லிட்டர் நீரின் எடை ஒரு டன். பழைய வீட்டு மாடியில் பெரிய தொட்டியை ஏற்றுமுன் கட்டடப் பொறியாளரைக் கேளுங்கள். மழைநீருக்கும் இதே எளிமைதான். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் மொட்டைமாடியில் 25 மில்லிமீட்டர் பெய்தால் 2,500 லிட்டர்; ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 2,000 லிட்டர் தேறும்.

குடியேறியதும் செய்ய வேண்டிய ஒரு சோதனை: இரவு படுக்கப்போகுமுன் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறியுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறக்குமுன் மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. முதலில் கழிப்பறைத் தொட்டியைச் சந்தேகியுங்கள்.

படி 6: தண்ணீர் எங்கே போகிறது?

வருவதைப் போலவே போவதும் கேள்வி. நல்ல மழை பெய்த மறுநாள் அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். அதற்கு வாய்ப்பில்லை என்றால் சுற்றுச்சுவர்களைக் குனிந்து பாருங்கள். வெள்ளம் நின்ற சுவரில் முழங்கால் உயரத்திலோ இடுப்பு உயரத்திலோ ஒரே மட்டமாக ஒரு பழுப்புக் கோடு ஓடும். வீட்டுக்காரர் புதுவர்ணம் பூசி அதை மறைத்திருப்பார்; பக்கத்து வீட்டுச் சுவரிலும் மின்கம்பத்திலும் மரத்தின் அடியிலும் அவர் பூசியிருக்க மாட்டார். அடிச்சுவரில் பொடிப்பொடியாக வெள்ளை உப்பு பூத்திருந்தால் அங்கே ஈரம் நிரந்தரம். வீட்டின் தரைமட்டம் சாலையைவிட எவ்வளவு உயரம் என்பதையும் அளந்துகொள்ளுங்கள். மேலே மேலே தார் போட்டுச் சாலை உயரும், வீடு உயராது.

பாதாளச் சாக்கடை இல்லாத இடங்களில் செப்டிக் டேங்க் எங்கே இருக்கிறது, கிணற்றிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். உங்களுடையது மட்டுமல்ல, பக்கத்து வீட்டுத் தொட்டியும் உங்கள் கிணற்றுக்கு அருகில் இருக்கலாம். எண்ணெய், நாப்கின், அதிக அளவு பிளீச்சிங் பவுடர் எதுவும் செப்டிக் டேங்குக்குள் போகக்கூடாது. தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு சேறு நிறைந்ததும் எடுத்துவிட வேண்டும். வீட்டைப் பொறுத்து இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்கு ஒரு முறை வரும். எந்தக் காரணத்துக்காகவும் மனிதரைத் தொட்டிக்குள் இறக்காதீர்கள். உள்ளே சேரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு செறிவு கூடினால் மோப்ப உணர்வையே மழுங்கடித்துவிடும். ஆபத்து தெரியுமுன் ஆள் விழுந்துவிடுவார், காப்பாற்ற இறங்கியவரும் விழுவார். உறிஞ்சும் லாரி வரும்வரை காத்திருங்கள்.

படி 7: மின்சாரமும் இணையமும்

மின்மாற்றியிலிருந்து கடைசியில் இருக்கும் வீடுகளுக்கு மாலை நேரத்தில் மின்னழுத்தம் இறங்கும். ஏழு மணிக்கு மேல் போய், மோட்டாரைப் போட்டதும் விளக்கு மங்குகிறதா என்று பாருங்கள். இன்வெர்ட்டர் வாங்குவதாக இருந்தால், 12 வோல்ட் 150 ஆம்பியர்-மணி மின்கலத்தில் பெயரளவுக்கு 1,800 வாட்-மணி உண்டு. இழப்பெல்லாம் போக 300 வாட் சுமையைச் சுமார் நான்கு மணி நேரம் தாங்கும். எரிபொருள் ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ ஜன்னலோரத்திலோ ஓட்ட வேண்டாம், கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

இணையத்தை இரவு எட்டிலிருந்து பத்துக்குள், வேலை செய்யப்போகும் அறையிலேயே உட்கார்ந்து சோதியுங்கள். வீட்டிலிருந்து வேலை என்றால் வேறு வழியில் வரும் இரண்டாவது இணைப்பு ஒன்று அவசியம்.

படி 8: அவசர நேரத்துக்கு முன்பே ஒத்திகை

அருகில் இருக்கும், இரவிலும் மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்கு ஒரு முறை இரவில் வண்டி ஓட்டிப் போய்ப் பாருங்கள். இதயம் நின்றுவிட்டால் நான்கிலிருந்து ஆறு நிமிடத்துக்குள் மூளை பாதிக்கப்படத் தொடங்கும். நகர விளிம்புக்கு அதற்குள் ஆம்புலன்ஸ் வருவது அரிது. ஆகவே வீட்டில் குறைந்தது இருவருக்கு சிபிஆர் (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி) தெரிந்திருக்க வேண்டும்: நெஞ்சின் நடுவில், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். பக்கவாதத்தில் அடைப்பைக் கரைக்கும் மருந்துக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. அந்த வசதி உள்ள மருத்துவமனை எது என்பதை நோய் வருமுன் விசாரித்து வையுங்கள்.

புதிய தெருக்கள் வரைபடச் செயலியில் பல நேரம் தப்பாக இருக்கும். வீட்டின் சரியான இடத்தைக் குறித்து எல்லோர் கைப்பேசியிலும் சேமியுங்கள். பெரிய சாலையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியை நான்கு வரியில் எழுதி வாசலுக்கருகே ஒட்டுங்கள். பதற்றத்தில் வழி சொல்ல வராது. கதவு எண் இருட்டில் தெரிய வேண்டும்.

நாய் கடித்தால் காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும். பாம்பு கடித்தால் கீறவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ கூடாது. மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, கடிபட்ட உறுப்பை அசைக்காமல் விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள்.

படி 9: முதலில் வாடகைக்கு

வாங்கப்போகும் பகுதியிலேயே ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் வாடகைக்கு இருந்து பார்ப்பதைவிட நல்ல சோதனை இல்லை. இரண்டு முறை சாமான் மாற்றும் அலைச்சல் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். தப்பான வீட்டை விற்கும் அலைச்சலுக்கு முன் அது ஒன்றுமேயில்லை.

படி 10: குடியேறிய பிறகு, சத்தம் நீங்களாக இருக்கலாம்

அமைதியான இடத்தில் சிறிய சத்தமும் பெரிதாகக் கேட்கும். நகரத்தில் பின்னணி இரைச்சலில் மூழ்கிப்போன உங்கள் தண்ணீர் மோட்டார் இங்கே தெருவுக்கே கேட்கும். மோட்டாருக்கு அடியில் ரப்பர் மெத்தை வையுங்கள், விடியற்காலையில் போடாதீர்கள். ஏசி இயந்திரத்தைப் பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கு நேராக மாட்டாதீர்கள். நாய் வளர்த்தால், நீங்கள் இல்லாதபோது அது எவ்வளவு நேரம் குரைக்கிறது என்று அடுத்த வீட்டாரிடம் நீங்களே கேளுங்கள்; அவர்களாகச் சொல்ல வரும்போது கோபத்தோடு வருவார்கள். வாசல் விளக்கு தரையைப் பார்த்து இருக்கட்டும். இரவெல்லாம் எரியும் பெரிய விளக்கைவிட ஆள் வந்தால் எரியும் விளக்கே காவலுக்கு நல்லது.

வாரம் ஒரு நாள், எங்காவது நீர் தேங்கியிருக்கிறதா என்று பார்த்தபடி வீட்டைச் சுற்றி வாருங்கள். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் பத்து நாள் போதும். அதன் முட்டை காய்ந்த பாத்திரத்திலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். நீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். செப்டிக் டேங்க் காற்றுக்குழாயின் வாயில் வலை கட்டுவது பத்து நிமிட வேலை. அடுத்த மழைக்காலத்தில் அதன் அருமை தெரியும்.

தெருவில் குடியிருப்போர் சங்கம் இருந்தால் சேர்ந்துவிடுங்கள். கூட்டங்கள் அலுப்பூட்டும், யாரோ ஒருவர் எப்போதும் வாகன நிறுத்தத்தைப் பற்றியே பேசுவார். ஆனாலும் பக்கத்தில் ஒரு பட்டறைக்கோ திருமண மண்டபத்துக்கோ அனுமதி கேட்டு விண்ணப்பம் வந்தால், அது பெரும்பாலும் உள்ளாட்சி அலுவலகப் பலகையில் ஒரு தாளாகத்தான் தொங்கும். ஆட்சேபம் தெரிவிக்கும் கெடுவும் சில வாரங்களே இருக்கும். அந்தப் பலகையை மாதம் ஒரு முறை போய்ப் பார்த்துவரும் வேலையைச் சங்கத்தில் யாரும் விரும்பி ஏற்பதில்லை. நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.